கரம்பொன் யாகப்பு கூடாரம் எழுப்பிய படலம்

வாழ்க யாகப்பு! முப்பதாண்டு உப்புக்காற்றிலே பதம்பெற்ற தோளினன், வள்ளத்து இயந்திரத்தைத் தனியொருவனாய்ச் சுமந்து கரையேறும் புயத்தினன், திருக்கைவால் கிழித்த தழும்பை இடக்கணுக்காலில் வீரக்கழலாய் அணிந்தவன், பதினான்கு வகை முடிச்சறிந்த விரலினன், மாக்கிறேற்றின் மணாளன், ஜெனீற்றாவின் தந்தை, ‘ஓம்’ என்னும் ஒற்றைச் சம்மதச் சொல்லை நாளொன்றுக்கு நாற்பது தடவை வாரி வழங்கும் வள்ளல்! அவன் ஆற்றிய அருஞ்சமரைப் பாடப் புகும் என் நாவுக்கு, தீவைச் சூழ்ந்த கருங்கடலே, நீ காப்பு. சோளகக் காற்றே, நீ கொஞ்சம் தள்ளி நில், உன் பங்கு பிறகு வரும். இக்காதையிலே வாள் இல்லை, வேல் இல்லை, யானைப்படை மருந்துக்கும் இல்லை. ஒரு கூடாரமும் அதற்கு எட்டுக் கயிறும் உண்டு. சிரிக்கிறவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம். நான் பகிடி விட வரவில்லை.

போருக்கு முன் ஒரு பிழை வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைக்கிற பழக்கம் எனக்கில்லை, அது யாகப்புவின் பழக்கம்.

பாடசாலைகள் பூட்டிக் கிடக்கும் ஆவணி விடுமுறையிலே, தீவகத்துத் தேவாலயப் பங்குகளின் இளையோர் எழுபதின்மர் குறிகட்டுவான் துறையிலே படகேறி, நுரைகடல் கடந்து, கல்வேலி சூழ்ந்த நெடுந்தீவை அடைந்து, அங்கே ஐந்து நாள் பாசறை அமைத்து வதிவது ஆண்டாண்டு நடக்கும் பெருநிகழ்வு. அவர்கள் கூடாரத்திலே துயில்வர், முறைவைத்துச் சமைப்பர், சோற்றை அடிப்பிடிக்கவிட்டு, அதையும் மிச்சமின்றி உண்பர், அந்திதோறும் தீவளர்த்துச் சுற்றியமர்ந்து தொண்டை கட்டும்வரை பாடுவர், ஐந்தாம்நாள் பிரியும்போதோ, இனிமேல் இப்பிறப்பிற் காணோம் என்பார்போல ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுவர். சுருவிலுக்கும் கரம்பொன்னுக்கும் இடையே சைக்கிளில் போகிற தூரம்தான் என்பது அந்த நேரத்தில் ஒரு பிள்ளைக்கும் நினைவு வராது.

இப்பாசறையிலே போன ஆண்டு ‘கடற்குதிரை’ அணிக்குத் தலைவியாய் நின்று, பன்னிரண்டே நிமிடத்திற் கூடாரம் எழுப்பி, முதற்பரிசாகிய ஒரு பைக்கற் பிஸ்கற்றை வென்று, அதை எட்டுப் பேருக்கும் பங்கிட்டுக் கொடுத்து, தனக்கு உடைந்த பாதியை வைத்துக்கொண்ட வண்கையாள் ஜெனீற்றா. வயது பதினான்கு. அந்த ஐந்து நாளுக்காகவே ஆண்டின் மற்ற முந்நூற்றறுபது நாளையும் பொறுத்துக்கொண்டு போகிறவள். இவ்வாண்டும் போவதற்கு ஒரேயொரு தடைதான் இருந்தது. பெற்றோர் சம்மதப் படிவம் என்ற தாளிலே ஒரு கையெழுத்து வைத்து, சனிக்கிழமை மாலைக்குள் பங்குச் சுவாமியிடம் சேர்க்கவேண்டும்.

கையெழுத்தைத் தாய் மாக்கிறேற் வைத்துவிட்டிருந்தால் இந்தக் காவியமே இல்லை. ஆனால் யாகப்பு, தந்தையென்ற பெருமிதம் தலைக்கேற, தாளை வாங்கினான். சுவரில் வைத்து ஒப்பமிட்டான். நான்காய் மடித்துச் சட்டைப்பையில் இட்டான். “ஓம், நானே குடுக்கிறன்” என்று முழங்கினான். அதே சட்டையோடு கடலுக்குப் போனான். நடுக்கடலிலே அலை ஏறி நெஞ்சை நனைத்தபோது பைக்குள் கைவிட்டவனுக்கு அகப்பட்டது தாளன்று, கரைத்த கூழ். எழுத்தும் இல்லை, ஒப்பமும் இல்லை. சரி, கரைக்கு வந்து உள்ளதைச் சொல்லி வேறு தாள் கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்டானா? இல்லை. ஞாயிறு காலை மகள் “அப்பா, சுவாமியிட்டக் குடுத்திட்டீங்களோ?” என்று கேட்க, மணியடிக்கிற நேரத்தில் சுவாமியை ஒருக்காற் கண்டு வாயாலே சொல்லிவிட்டாற் போதும் என்று மனத்துக்குள்ளே கணக்குப் போட்டுக்கொண்டு, “ஓம், குடுத்தாச்சு” என்றான். பூசை முடிந்தபோது சுவாமி வேறு ஊருக்குப் புறப்பட்டுவிட்டார், இவனும் விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை காலை குறிகட்டுவானிலே, பாசறைப் பொறுப்பாளன் றெக்ஷன், கோப்பும் கையுமாய்ப் படகடியில் நின்று பெயர் வாசித்தான். எழுபது பெயர் வாசித்தான். ஜெனீற்றாவின் பெயர் வரவில்லை. பட்டியலில் இல்லாதவரை ஏற்ற ஏலாது என்று அவன் இரண்டு தரம் சொன்னான். கடற்குதிரை அணியார் படகிலிருந்து கையசைத்தார்கள். பிள்ளை திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, கரம்பொன் மட்டும் யன்னலைப் பார்த்தபடி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் மடித்த உடுப்புகளை ஒவ்வொன்றாய் எடுத்து அலுமாரியில் அடுக்கினாள். யாகப்பு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுக்கி முடித்துக் குசினிக்குச் சென்ற அம்மாதரசி, தந்தை மூன்றடி தள்ளித் தேநீர்க் கோப்பையோடு நிற்க, தாயை நோக்கி ஒரு பிரகடனம் செய்தாள்.

“அம்மா, அவரிட்டச் சொல்லிவிடுங்கோ. இனி நான் அவரோட கதைக்கமாட்டன். அவர் ஓம் எண்டா அது ஓம் இல்லை.”

“சொல்லட்டாம்,” என்றாள் மாக்கிறேற், திரும்பி.

“கேட்டது,” என்றான் யாகப்பு.

அன்று தொட்டு அவ்வில்லத்திலே தூதுமுறை அரசோச்சிற்று. பகைப்பட்ட இரு நாடுகளுக்கும் மாக்கிறேற்றே தூதுவர். “அவருக்குச் சோறு போட்டாச்செண்டு சொல்லுங்கோ” என்று குசினியிலிருந்து ஓலை புறப்படும். “வாறன் எண்டு சொல்லும்” என்று முற்றத்திலிருந்து மறுஓலை வரும். அடுப்பையும் பார்த்துக்கொண்டு அரசியலையும் பார்த்த மாக்கிறேற் செவ்வாய்க்கிழமையே களைத்துவிட்டாள். “எனக்கென்ன சம்பளமோ தாறியள் ரெண்டு பேரும்?” என்று புதன்கிழமை வெடித்தாள். அதற்கும் இரு தரப்பும் அவளூடாகவே பதில் அனுப்பின. யாகப்புவோ கடலில் வலை இழுக்கும்போதும் கரையில் மீன் தெரிந்து பிரிக்கும்போதும் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தான். அப்பா என்று அவனை ஒருவர் கூப்பிட்டு மூன்று நாளாகிறது. அவனுக்கு இருப்பது ஒரே பிள்ளை, கூப்பிடுவதற்கு வேறு ஆள் இல்லை.

வியாழன் காலை மாக்கிறேற்றின் கைப்பேசி அதிர்ந்தது. கடல் கடந்து, பாசறையினின்றும் றெக்ஷன் விடுத்த திருமுகம் அது. ‘வரமுடியாமற் போன பிள்ளைகளே, நீங்களும் எங்கள் பாசறைதான். வீட்டிலிருந்தே செய்து பாருங்கள்: ஒன்று, கூடாரம் அடித்தல். இரண்டு, முடிச்சுக் கட்டுதல். மூன்று, புதையல் தேடல். நான்கு, வானத்து வெள்ளி பார்த்தல். இன்று பின்னேரம் ஆறு மணிக்குள் கூடாரத்தின் படம் அனுப்பினால் தீயடியில் எல்லாருக்கும் காட்டுவோம்.’ கீழே கடற்குதிரை அணியார் ஏழு பேரும் தனித்தனியே இதயம் போட்டிருந்தார்கள். மாக்கிறேற் வாசிக்க, ஜெனீற்றா கேட்டும் கேளாதவள் போலத் தேங்காய் திருவினாள். கேட்டாள் என்பது திருவலையின் வேகத்தில் தெரிந்தது.

யாகப்பு எழுந்தான். நெஞ்சு நிமிர்த்தினான். அடுப்பும் பானையும் அகப்பையும் சாட்சியாகச் சூளுரைத்தான்:

“மாக்கிறேற், அவவிட்டச் சொல்லும். இண்டைக்கு ஆறு மணிக்குள்ள இந்த முத்தத்தில கூடாரம் நிக்கும். நான் அடிப்பன்.”

“அடிப்பாராம்,” என்றாள் மாக்கிறேற்.

“ஓமாமோ எண்டு கேளுங்கோ,” என்றாள் ஜெனீற்றா.

அந்த ‘ஓமாமோ’ முருங்கை விறகு முறிவதுபோலச் சின்னதாகத்தான் கேட்டது. யாகப்பு அன்று கடலுக்குப் போகவில்லை. பெருங்காற்றிலும் வலித்துப் போனவன் போகவில்லை என்றதும் கரை முழுக்க அதே கதை. காய்ச்சலாம் என்றார் ஒருவர், என்ஜின் பழுதாம் என்றார் மற்றவர்.

கூடாரம் வேலிக்கு அப்பால் இருந்தது. தென்னிலங்கைப் பட்டினமொன்றிலே இருபத்தெட்டு ஆண்டு இரும்புக்கடை நடத்தி, வயது போனபின் ஊர்திரும்பிய செல்வரத்தினம் என்னும் பெருவணிகர், அயல்வளவின் அதிபதி. கனடாவிலிருந்து லீவுக்கு வந்த அவர் மகன், இரண்டு தண்டும் எட்டுக் கயிறும் கொண்ட, வீட்டுக்கூரை வடிவான பச்சைக் கூடாரம் ஒன்றைக் கொண்டுவந்து, ஒருநாளும் விரிக்காமல் விட்டுப்போயிருந்தான். அதைக் கேட்டதும் செல்வரத்தினம் உள்ளே சென்றார், பொதியோடு வந்தார், கூடவே ஒரு கதிரையையும் விளக்கப் புத்தகத்தையும் மூக்குக்கண்ணாடியையும் கொண்டுவந்து, வேலியோரம் கொலுவீற்றிருந்து திருவாய் மலர்ந்தார்:

“தாறன் யாகப்பு. ஆனா ஒரு ஓட்டை விழக்கூடாது. பிறகு, புத்தகத்தில உள்ளபடி செய்யவேணும். நான் வாசிக்கிறன், நீர் செய்யும்.”

“கடலுக்குப் புத்தகம் பாத்தே அண்ணை போறனாங்கள்?” என்றான் யாகப்பு, பொதியைத் தோளில் எறிந்தபடி.

செல்வரத்தினம் மனம் தளரவில்லை. புத்தகமோ இங்கிலிசிலும் பிரெஞ்சிலும் இருந்தது. அவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, இங்கிலிசு எழுத்துக் கூட்டித்தான். ஆகவே காலை ஒன்பது மணிக்கு முதலாம் பக்கத்தைத் தொடங்கியவர், பிற்பகல் மூன்று மணிக்கும் பொருட்பட்டியல் இருக்கும் இரண்டாம் பக்கத்திலேயே நின்றார். அவர் பங்குக்கு அதுவும் ஒரு போர்.

இனி முதற்சமர். ஒன்பதரை நாழிகையிலே, மடித்த சாரமும் தலையிற் கட்டிய துவாயுமாய்க் களம் புகுந்த யாகப்பு, கூடாரத்தை விரித்தான். தண்டிரண்டையும் நாட்டினான். கயிற்று நுனியிலே மாட்ட இரும்பு முளைகள் எட்டு இருந்தன. சுத்தியலை ஓங்கி முதல் முளையை அறைந்தான். ஒரு சாண் மணலைக் கடந்த முளை, அடியிற் கிடந்த சுண்ணாம்புக் கல்லிலே முட்டி, ‘டங்’ என்ற ஒலியோடு வளைந்தது. இரண்டாவதை வேறிடத்தில் அறைந்தான். அங்கேயும் கல். மூன்று, நான்கு, ஐந்து என்று முளைகள் வரிசையாய் வந்து வரிசையாய்க் கூனின. கனடாவில் செய்த இரும்புக்குக் கரம்பொன் நிலம் எப்படித் தெரியும்? எட்டாவது முளையை யாகப்பு அடிக்கவேயில்லை, கையாலே வளைத்துப் போட்டுவிட்டான். அவ்வளவு ஆத்திரம்.

“எட்டு முளை இருக்கவேணும் எண்டு போட்டிருக்கு, எண்ணிப் பாரும்,” என்றார் செல்வரத்தினம், பட்டியலிலிருந்து தலையெடுக்காமல்.

குசினி யன்னலிலே ஒரு தலை தெரிந்து மறைந்தது. யாகப்பு அதைக் கண்டான். கண்டதும் இரண்டு மடங்கு வீரம் வந்தது.

இரண்டாஞ்சமருக்கு அவன் வேறு படை திரட்டினான். முளை வேண்டாம், முடிச்சுப் போதும்! கரையிற் கிடந்த தன் வள்ளத்தினின்றும் நங்கூரத்தைச் சுமந்து வந்தான். குசினி வாசலிற் கிடந்த அம்மியை, மாக்கிறேற்றின் கண்டனக் குரலையும் பொருட்படுத்தாமல், களத்துக்கு உருட்டினான். கிணற்றடித் தூண் ஒன்று, வேலிக் கதியால் மூன்று, முருங்கை ஒன்று, கவிழ்த்து வைத்த பழைய உரல் ஒன்று என எண்திசைக் காவலரை நிறுத்தினான். பின், எட்டுக் கயிற்றையும் எட்டுக் காவலரோடு பிணைத்தான். என்ன முடிச்சு! என்ன விரல்! ஒவ்வொரு கயிற்றையும் காவலனிடம் கொண்டுபோய், கண்ணாற் பாராமலே ஒரு முழம் இளக்கிவிட்டு, சுற்றி, மடக்கி, நுழைத்து, ஒரு சுண்டுச் சுண்டி முடித்தான். கடல் கொந்தளித்தாலும் அவிழாத முடிச்சுகள் அவை. கூடாரம் நின்றது. லேசாகச் சாய்ந்து, கொஞ்சம் தொங்கி, ஆனால் நின்றது. யாகப்பு இடுப்பிற் கைவைத்து யன்னலை நோக்கினான்.

இப்போது சோளகமே, நீ வரலாம்.

வந்தது. தென்மேற்கே கடலைத் தாண்டி, பனைகளின் தலையைக் கலைத்து, வேலியோலைகளைச் சலசலக்கச் செய்து, கரம்பொன் முற்றத்துள் நுழைந்த அச்சோளகம், கூடாரத்தை ஒருமுறை வலமும் ஒருமுறை இடமும் அசைத்துப் பார்த்தது. பின்பு, நித்திரைக்குப் போகும் மாடு முன்னங்காலை மடிப்பதுபோல, முன் தண்டை மடித்துப் படுக்க வைத்தது. ஒரு முடிச்சும் அவிழவில்லை. அதுதான் யாகப்புவுக்கு விளங்கவேயில்லை.

எழுப்பினான், விழுந்தது. முடிச்சை மாற்றிக் கட்டினான், விழுந்தது. இரட்டை முடிச்சு, வலைமுடிச்சு, நங்கூர முடிச்சு என்று பதினான்கையும் ஆயுதசாலையினின்றும் எடுத்து வீசினான். ஒவ்வொரு முறையும் அவன் கை, தன் பாட்டில் ஒரு முழம் இளக்கியே கட்டியது; ஒவ்வொரு முறையும் கூடாரம் அந்த ஒரு முழத்துக்குள் ஆடி, நடனமிட்டு, சரிந்தது. மதியம் சாப்பிட ஓலை வந்தது. “பசிக்கேல்லை எண்டு சொல்லும்” என்றான். பசித்தது. பொய் சொல்லுகிற பழக்கம் இன்னும் போகவில்லை என்று அவனுக்கே பட்டது. கொஞ்ச நேரத்தில் போய்ச் சாப்பிட்டான்.

மூன்றாஞ்சமர் பிற்பகல் நான்கு மணிக்கு. உள்ளே நின்று தண்டைத் தாங்கினால் வெளியே நிற்குமென்று கருதிய மாவீரன், கூடாரத்துள் புகுந்தான். அதற்காகவே காத்திருந்ததுபோல் அடித்த காற்றிலே இரண்டு தண்டும் ஒருங்கே சாய, பச்சைத்துணி அவனை முழுமையாய் விழுங்கிற்று. முற்றத்தின் நடுவே, தலை எது கால் எது என்று தெரியாத ஒரு பச்சை மலை எழுந்தும் அமர்ந்தும் உருண்டும் போராடியது. உள்ளேயிருந்து “மாக்கிறேற்! வழி எங்காலை?” என்ற போர்முழக்கம் கேட்டது.

“துணி கவனம்! ஓட்டை கவனம்!” என்று கதிரையை விட்டு எழும்பி நின்றார் செல்வரத்தினம்.

மாக்கிறேற் துணியின் வாயைத் தேடிப் பிடித்து, கணவனை வெளியே இழுத்துவிட்டாள். யாகப்பு மணலில் இருந்தான். துவாயைக் காணவில்லை, முழங்கையில் சிராய்ப்பு. மணி நாலரை. பெருங்கடலில் இயந்திரம் நின்றபோதும் கலங்காதவன், தன் முற்றத்திலே, தன் அம்மியின் பக்கத்திலே இருந்து கலங்கினான். படம் அனுப்பாவிட்டால் போகட்டும். இந்த ஓமும் முந்தின ஓம்போலப் போகுதே என்பதுதான் தாங்க ஏலாமல் இருந்தது. வெட்கமாக இருந்தது. எழும்பாமல் அப்படியே இருந்தான்.

அவ்வேளையிலே குசினி வாசற்படியில் ஜெனீற்றா வந்து நின்றாள். கையில் ஈரம், துடைக்கவில்லை. காலையிலிருந்து அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். முதல் முறை விழும்போதே ஏனென்று அவளுக்குத் தெரியும். ஏழு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது அவளுடைய போர். அதில் இப்போது தோற்றாள்.

“அம்மா, கயிறு இளகிக் கிடக்கு. இழுத்துக் கட்டச் சொல்லுங்கோ அவரை.”

“இழுத்துக் கட்டட்டாம்,” என்றாள் மாக்கிறேற்.

யாகப்பு தலைநிமிர்ந்தான். தொழில் தெரியாதவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமையோடு, முப்பதாண்டு அனுபவமும் குரலில் ஒலிக்க, அறுதியிட்டுரைத்தான்:

“அவவிட்டச் சொல்லும், இழுத்துக் கட்ட ஏலாதெண்டு. இழுத்துக் கட்டினா, கடல் வத்தினா வள்ளம் கயித்தில தொங்கும். கடல் பெருக்குக்கு மூக்கு அமிழும். ஒரு முழம் இளக்கித்தான் கட்டவேணும்.”

மாக்கிறேற் இந்த ஓலையைக் கொண்டுபோகவில்லை. ஜெனீற்றா தந்தையையும் பார்க்கவில்லை, தாயையும் பார்க்கவில்லை, அம்மியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலிக்கப்பால் செல்வரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

“யாகப்பு,” என்றார், மிக மரியாதையாக. “உம்மட முத்தத்தில எந்தக் கடல் வத்துறது?”

ஒரு வீரனுக்குத் தன் தவறு விளங்குகிற கணத்தைப் பாடுவது எளிதன்று. பாடாமலே விடுகிறேன். யாகப்பு கயிற்றைப் பார்த்தான். முருங்கையைப் பார்த்தான். தன் இரண்டு கையையும் விரித்து, அவை வேறு யாருடையவோ என்பதுபோலப் பார்த்தான். பிறகு எழும்பி, முதற் கயிற்றை எடுத்து, பல்லைக் கடித்து, இழுத்து, கட்டினான். பார்த்தால் அரை முழம் இளகிக் கிடந்தது. அவிழ்த்தான், மறுபடி கட்டினான், மறுபடி இளக்கம். மனம் இறுக்கச் சொல்ல, விரல் கடைசிச் சுற்றிலே தானாய்ப் பெருக்குக்கு இடம் விட்டது. பதினாறு வயதிலிருந்து வள்ளம் கட்டிய கை, ஒரு பின்னேரத்தில் திருந்துமா?

“விடச் சொல்லுங்கோ, நான் பிடிக்கிறன்,” என்று தாயிடம் சொல்லிவிட்டு ஜெனீற்றா படியிறங்கினாள்.

அவள் கயிற்றைப் பற்றினாள். குதியை மணலில் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னே சாய்த்து இழுத்தாள். விறைத்து நின்ற கயிற்றிலே யாகப்பு முடிச்சிட்டான். இளக்குவதற்கு இம்முறை அவனுக்கு ஒரு விரற்கடையும் கிடைக்கவில்லை. முடிச்சின் மேலே அவள் தன் சுட்டுவிரலை வைத்து அமத்த, அவன் கடைசிச் சுற்றைச் சுற்றினான், அவள் விரலை எடுத்தாள். இரண்டாம் கயிறு. மூன்றாம் கயிறு. பேச்சில்லை, தூதுவருக்கும் வேலையில்லை, மாக்கிறேற் அம்மியில் குந்திவிட்டாள். சோளகம் வந்து மோதிப் பார்த்தது. துணி படபடத்தது, சாயவில்லை.

ஐந்தாம் கயிற்றிலே, நங்கூரத்தடியில் குனிந்திருந்தபடி, யாகப்பு தூதில்லாமல் பேசினான்.

“அண்டைக்குப் பொய் சொன்னனான், பிள்ளை. தாள் நனைஞ்சது எனக்குத் தெரியும். குடுக்கேல்லை எண்டும் தெரியும். உன்ர முகத்தைப் பாத்திட்டுச் சொல்லப் பயமாக் கிடந்தது.”

ஜெனீற்றா கயிற்றை இழுத்தாள். முன் நான்கு கயிற்றையும்விட இதைப் பலமாக இழுத்தாள், நங்கூரம் மணலில் ஒருதரம் முனகியது. யாகப்பு முடிச்சை முடித்தான். ஆறாம் கயிற்றுக்குப் போகையில் அவள் மூக்கை உறிஞ்சியது போலிருந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கத் துணியவில்லை.

எட்டாம் கயிறு இறுகியபோது மணி ஆறாக ஏழு நிமிடம் இருந்தது. எழுந்தது காண் கூடாரம்! கரம்பொன் கண்டிராத பச்சை மாளிகை! எண்திசையும் விறைத்த எட்டுக் கயிறு தாங்க, நெளிவின்றி, தொங்கலின்றி, சோளகத்துக்கு நெஞ்சு காட்டி நின்றது. மாக்கிறேற் படம் எடுத்தாள். முதற்படத்தில் அவளுடைய பெருவிரல் விழுந்தது. இரண்டாவதில் கூடாரமும், அம்மியும், ஓரத்தில் யாகப்புவின் சிராய்த்த முழங்கையும் விழுந்தன. அதை அனுப்பினாள். நெடுந்தீவிலிருந்து முதலில் ஒரு இதயம் வந்தது, பிறகு சிக்னல் கிடைக்கக் கிடைக்க நாற்பது வந்தது. செல்வரத்தினம் எழும்பி, வேலிக்கு மேலாய் எட்டி, துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடினார்.

“மூண்டாம் பக்கம் நாளைக்குப் பாப்பம்,” என்றார்.

ஜெனீற்றா உள்ளே போய் ஒரு பாயும் தலையணையும் கொண்டுவந்தாள். கூடாரத்துள் நுழைந்தாள். வாசலை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினாள். யாகப்பு வெளியே தனித்து நின்றான்.

கடலே கேள், காற்றே அடங்கு! நான்கு பகலும் மூன்று இரவும் ஒரு சொல்லுக்காகத் தவங்கிடந்தவன். எட்டு முளையை இழந்து, பதினான்கு முடிச்சையும் வீசித் தீர்த்து, பச்சைப் பூதத்தின் வயிறு புகுந்து மீண்டு, சபை நடுவே தன் பிழையைத் தன் வாயாற் சொல்லிய சத்தியசந்தன். உப்பேறிய தோளும் மணலேறிய தலையுமாய், சாத்திய துணிவாசலின் முன்னே, தீர்ப்புக்கு நிற்பவன்போல நிற்கிறான். மேற்கே பொழுது சிவக்கிறது. கரைக்குத் திரும்பும் வள்ளங்களின் ஒலி தூரத்தே கேட்கிறது. அம்மியில் இருந்த மாக்கிறேற் அசையவில்லை. கதிரையை மடிக்க எழுந்த செல்வரத்தினம் மடிக்காமல் நின்றார். கூடாரத்தினுள்ளே ஏதோ ஒரு கை இன்னொரு கையிலே பட்டென்று அடித்த ஓசை. அதன் பின்னே, ஏழ்கடலும் எட்டுத்திசையும் செவிசாய்க்க, குரல் எழுந்தது.

“அப்பா, உள்ளுக்க ஒரே நுளம்புக்கடி. நுளம்புத்திரி ஒண்டு வாங்கிக்கொண்டு வாறீங்களோ?”

“ஓம்,” என்றான் யாகப்பு.

சைக்கிளில் போய், கடை பூட்ட முன்னம் வாங்கிக்கொண்டு வந்தான்.